வாக்குரிமை வந்த கதை, பறிபோன கதை: ஜாக்சன் காலத்து அமெரிக்கா பற்றிக் கேள்வி பதில்

1800 முதல் 1848 வரை அமெரிக்காவில் மக்களாட்சி எவ்வளவு தூரம் வந்தது, எங்கே நின்றது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் அறிவித்திருந்தேன். தலைப்பில் உள்ள ஜாக்சன், 1829 முதல் 1837 வரை அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன். கல்லூரியில் இந்தப் பாடத்தை நீண்ட காலம் கற்பித்தவள் நான். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். மீதியில் சில என்னைத் தூங்கவிடவில்லை. அவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தேனி): வணக்கம் அம்மா. அமெரிக்காவில் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த ஆண்டு எது? ஓர் ஆண்டாகச் சொன்னால் குறித்துக்கொள்வேன்.

பதில்: தம்பி, அப்படி ஓர் ஆண்டு கிடையாது. 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம், யார் வாக்களிக்கலாம் என்பதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ, குறிப்பிட்ட மதிப்புள்ள சொத்தோ இருந்தால்தான் வாக்கு. 1791-இல் ஒன்றியத்தில் சேர்ந்த வெர்மான்ட், சொத்து நிபந்தனை இல்லாமலே வந்தது. மறு ஆண்டு கென்டக்கி. பிறகு 1816-இல் இந்தியானா, 1818-இல் இல்லினாய், 1819-இல் அலபாமா என மேற்கே புதிதாக உருவான மாநிலங்கள் வெள்ளை ஆண்களிடம் சொத்துக் கணக்குக் கேட்கவில்லை. பழைய மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. வர்ஜீனியா 1850 வரை பிடிவாதமாக இருந்தது. 1829-இல் அங்கே கூடிய மாநாட்டில் மேடிசன், மன்றோ என்ற இரண்டு முன்னாள் அதிபர்களும், தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் சொத்து நிபந்தனை முழுதாகப் போகவில்லை.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வாக்குரிமை படிப்படியாக விரிவடைந்தது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். கையில் இருந்த வாக்கை இழந்தவர்கள் இந்தக் காலத்தில் ஏராளம். ஏறு வரிசையாக எழுதினால் அவர்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, கும்பகோணம்): நியூ ஜெர்சியில் பெண்கள் அந்தக் காலத்திலேயே வாக்களித்தார்கள் என்று படித்தேன். உண்மைதானா?

பதில்: உண்மை. உங்கள் மாணவிகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி 1776-இல் எழுதிய சட்டத்தில், வயது வந்த, ஐம்பது பவுண்டு மதிப்புள்ள சொத்துடைய "எல்லாக் குடியிருப்பாளர்களும்" வாக்களிக்கலாம் என்று இருந்தது. ஆண் என்றோ வெள்ளையர் என்றோ அதில் இல்லை. எழுதும்போது மறந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. 1790-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தியபோது வாக்காளரைக் குறிக்க "அவன் அல்லது அவள்" என்றே எழுதினார்கள். 1797-இல் வந்த சட்டம் அதை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்கியது.

ஆனால் திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனிச் சொத்துக் கிடையாது. கைபிடித்த அன்றே எல்லாம் கணவனுடையதாகிவிடும். ஆகவே வாக்களித்தவர்கள் விதவைகளும் திருமணமாகாத பெண்களும்தான். சொத்து வைத்திருந்த கறுப்பினத்தவரும் வாக்களித்தார்கள்.

1807-இல் எசெக்ஸ் மாவட்டத்தில் நீதிமன்றக் கட்டடத்தை எந்த ஊரில் கட்டுவது என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நூவார்க்குக்கும் எலிசபெத்டவுனுக்கும் போட்டி. இரண்டு பக்கமும் கள்ள வாக்கு கொட்டியது. பெண் வேடம் போட்டு வந்த ஆண்கள் திரும்பத் திரும்ப வாக்களித்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. மோசடிக்கு மருந்து என்று சொல்லி அதே ஆண்டு நவம்பரில் சட்டசபை ஒரு சட்டம் போட்டது: இனி சுதந்திரமான, வெள்ளை, ஆண் குடிமகனுக்கு மட்டுமே வாக்கு. மோசடி செய்தவர்களில் ஆண்கள் இல்லையா என்று அந்தச் சபை கேட்டுக்கொள்ளவில்லை.

அதே சட்டத்தின் இன்னொரு பகுதியையும் படிக்க வேண்டும். வரிப் பட்டியலில் பெயர் இருந்தாலே போதும், அவனிடம் ஐம்பது பவுண்டு இருப்பதாகக் கொள்ளலாம் என்றது அது. அதாவது ஏழை வெள்ளை ஆணுக்கு வழி விட்டதும், பெண்ணையும் கறுப்பினத்தவரையும் வெளியே தள்ளியதும் ஒரே சட்டம். அந்தப் பெண்களின் பேத்திகளுக்கும் வாக்கு திரும்பவில்லை. 1920 வரை, 113 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி (சட்ட மாணவர், சென்னை): சொத்துத் தகுதியை நீக்கக் கூடாது என்று வாதாடியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்?

பதில்: 1821-இல் நியூயார்க் மாநாட்டில் ஜேம்ஸ் கென்ட் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தின் மிகப் பெரிய நீதிபதிகளில் ஒருவர் அவர். நியூயார்க் நகரம் பெருத்துக்கொண்டே போகிறது, நிலமில்லாத கூட்டம் ஒரு நாள் நிலமுள்ளவனின் சொத்தில் கைவைக்கும், ஆகவே மேலவையாவது நில உடைமையாளர்கள் கையில் இருக்கட்டும் என்பது அவருடைய வாதம். மாநாடு அதை ஏற்கவில்லை. வரி கட்டியவன், படைப் பயிற்சிக்குப் போனவன், சாலை வேலை செய்தவன் என்று வெள்ளை ஆண்களில் அநேகமாக எல்லோருக்கும் வாக்குக் கிடைத்தது. 1826-இல் அந்த நிபந்தனைகளும் போயின.

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது அந்த மாநாட்டின் மற்றொரு விவாதத்தில்தான். வாக்காளர் என்பதற்கு முன்னால் "வெள்ளை" என்ற சொல்லைச் சேர்க்க முன்மொழிந்தார்கள். பீட்டர் ஜே என்பவர் எழுந்து எதிர்த்தார். இதுவரை வாக்களித்து வந்தவர்களின் உரிமையை எந்தக் குற்றத்துக்காகப் பறிக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். அந்தச் சொல் 63-க்கு 59 என்ற கணக்கில் நீக்கப்பட்டது. நான்கே வாக்கு வித்தியாசம், ஆனாலும் வெற்றி. சில நாட்களில் வேறு வழியில் வந்தார்கள். கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் கடன் போக 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும் என்று விதி எழுதினார்கள். வெள்ளையனுக்கு நீக்கிய அதே பூட்டு, இன்னும் கனமாக, கறுப்பினத்தவனுக்குப் போடப்பட்டது. கட்சிக் கணக்கும் இதற்குள் இருந்தது: சுதந்திரக் கறுப்பினத்தவர்கள் பெரும்பாலும் எதிர்க் கட்சியான ஃபெடரலிஸ்டுகளுக்கு வாக்களித்து வந்தார்கள்.

நியூயார்க்கில் மிஞ்சியிருந்த அடிமைகள் 1827 ஜூலை 4 அன்று விடுதலை பெறுவார்கள் என்று 1817-லேயே சட்டம் போடப்பட்டிருந்தது. விடுதலை நாளுக்கு ஆறு ஆண்டு முன்பே வாக்குச்சாவடியைப் பூட்டிவிட்டார்கள். அந்த 250 டாலர் விதி 1870 வரை நின்றது.

கேள்வி (வாசகர், சேலம்): "மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே போய் அமல்படுத்தட்டும்" என்று ஜாக்சன் சொன்னது பற்றி எழுதுங்கள்.

பதில்: செரோக்கி பூர்வகுடிகளின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று 1832-இல் மார்ஷலின் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பற்றிய பேச்சு இது. அந்த வழக்கைக் கீழே சொல்கிறேன். ஜாக்சன் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்த வாசகம் அச்சில் வந்தது. 1832 ஏப்ரலில் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருப்பது வேறு: அந்தத் தீர்ப்பு உயிரில்லாமல் பிறந்த குழந்தை என்ற பொருளில் எழுதினார். படத்துக்குக் கீழே மேற்கோள் போட்டு வருவதை நம்பாதீர்கள். எந்த ஆண்டு, யாருக்கு, எந்தக் கடிதத்தில் என்று கேளுங்கள்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விருதுநகர்): எல்லோருக்கும் வாக்குரிமை வந்த ஆண்டு எது அம்மா?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): 1824 தேர்தலில் அதிக வாக்கு வாங்கியவர் தோற்றது எப்படி?

பதில்: நால்வர் நின்றார்கள். அங்கே அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள், மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள். அந்தத் தேர்வாளர் வாக்கில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குயின்சி ஆடம்ஸ் 84, கிராஃபோர்ட் 41, ஹென்றி கிளே 37. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அப்படியானால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1825 பிப்ரவரியில் ஆடம்ஸ் 13 மாநிலங்களைப் பெற்று அதிபரானார். சபாநாயகராக இருந்து அவரை ஆதரித்த கிளே, வெளியுறவுச் செயலாளரானார். இது பேரம் என்று ஜாக்சன் கட்சியினர் நான்கு ஆண்டு முழங்கினார்கள், 1828-இல் 178-க்கு 83 என்று வென்றார்கள்.

எனக்கு இந்தத் தேர்தலில் முக்கியமாகப்படுவது வேறு. 1824-இல் ஆறு மாநிலங்களில் மக்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்கவே இல்லை. சட்டசபையே தேர்வாளர்களை நியமித்தது. 1832-இல் தென் கரோலினா ஒன்றுதான் அப்படி மிஞ்சியது. வாக்குரிமை உள்ளவர்களில் 1824-இல் ஏறக்குறைய 27 விழுக்காட்டினர் வந்தார்கள். 1828-இல் ஏறக்குறைய 57. 1840-இல் 80. மக்கள் உண்மையாகவே திரண்டு வந்தார்கள். இதை நான் எந்த வகையிலும் குறைத்துப் பேசமாட்டேன்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்): அப்போது எப்படி வாக்களித்தார்கள்? ரகசிய வாக்கு உண்டா?

பதில்: இல்லை அம்மா. வர்ஜீனியா, கென்டக்கி, மிசௌரி போன்ற இடங்களில் வாயால் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் சீட்டு. அந்தச் சீட்டைக் கட்சியே அச்சடித்துக் கையில் கொடுக்கும். அதன் நிறத்தையும் அளவையும் பார்த்தே யாருக்குப் போடுகிறான் என்று தெருவே தெரிந்துகொள்ளும். அரசாங்கம் அச்சடித்த ரகசிய வாக்குச்சீட்டு 1888-இல்தான் அங்கே தொடங்குகிறது.

மிசௌரி ஓவியர் ஜார்ஜ் கேலப் பிங்ஹாம் 1852-இல் வரைந்த தேர்தல் ஓவியம் ஒன்று இருக்கிறது. நாம் பேசும் காலத்துக்குச் சற்றுப் பிந்தியது, ஆனால் காட்சி அதுவேதான். கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். படிக்கட்டின் உச்சியில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் பைபிள் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கிறார். அடுத்து வாய்விட்டு வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். திண்ணையில் எழுத்தர்கள் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். ஒரு வேட்பாளர் தொப்பியைக் கழற்றி வணங்கிச் சீட்டை நீட்டுகிறார். நிற்க முடியாத அளவுக்குக் குடித்த ஒருவனை வாக்களிக்க இழுத்துப் போகிறார்கள். மக்களின் விருப்பமே மேலான சட்டம் என்று ஒரு பதாகை தொங்குகிறது. இடது ஓரத்தில் ஒரு கறுப்பின மனிதர் மது ஊற்றிக்கொடுக்கிறார். அத்தனை பேர் கூடியிருக்கும் அந்தத் தெருவில் அவருக்கு வாக்கு இல்லை. பெண் ஒருத்தி கூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு): இப்போதைய அமெரிக்கத் தேர்தலில் யார் வருவார்கள்?

பதில்: இந்தப் பகுதிக்கு உரிய கேள்வி அல்ல.

கேள்வி (முதுகலை மாணவர், மதுரை): ஐந்தில் மூன்று பங்கு என்ற விதியை எளிமையாக விளக்க முடியுமா?

பதில்: பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது. அடிமைகளையும் எண்ண வேண்டும் என்றது தெற்கு, கூடாது என்றது வடக்கு. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று 1787-இல் சமரசம் செய்துகொண்டார்கள். அடிமையை முக்கால் மனிதனாகக் கூட மதிக்கவில்லையே என்று பலர் இதைப் படித்துவிட்டு வருந்துகிறார்கள். வருத்தம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். முழு ஆளாக எண்ணியிருந்தால் அவர்களை விலங்கிட்டு வைத்திருந்தவனுக்கு இன்னும் அதிக இடம் கிடைத்திருக்கும். அடிமைக்கு அந்த எண்ணிக்கையால் ஒரு துளிப் பயனும் இல்லை. 1830-இல் அடிமைகள் இருபது லட்சம் பேர். அவர்கள் பெயரால் எஜமானர்கள் சபையில் கூடுதல் இடம் பெற்றார்கள், அதிபர் தேர்தலில் கூடுதல் தேர்வாளர்களையும் பெற்றார்கள்.

கேள்வி (பூர்வீகம் வட்டுக்கோட்டை, இப்போது டொராண்டோ): எங்கள் ஊரில் செமினரி நடத்திய அமெரிக்க மிஷனுக்கும் நீங்கள் பேசும் செரோக்கி வழக்குக்கும் தொடர்பு உண்டு என்று பெரியவர் ஒருவர் சொன்னார். சரிதானா?

பதில்: சரிதான். நேரடித் தொடர்பு. அந்தப் பெரியவருக்கு என் வணக்கம்.

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சபை 1816-இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது, 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியை நிறுவியது. அதே சபை அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்கிழக்கில் செரோக்கி மக்களிடமும் ஆட்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் சாமுவேல் வூஸ்டர்.

செரோக்கிகள் யார் என்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். செக்வோயா என்ற செரோக்கி, தம் மொழிக்குத் தாமே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். 1821 வாக்கில் அது முழுமை பெற்றது, சில ஆண்டுகளில் ஊரே படிக்கக் கற்றுக்கொண்டது. 1827-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, அமெரிக்காவுடையதைப் போலவே ஈரவை, நீதிமன்றம். 1828 பிப்ரவரியில் நியூ எக்கோட்டாவில் இருந்து செரோக்கியிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு செய்தித்தாள். அதற்கான எழுத்துகளை மிஷன் சபையின் உதவியோடு பாஸ்டனில் வார்த்தார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1841-இல், அதே சபையினர் யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக உதயதாரகையைத் தொடங்கினார்கள். இரண்டு இதழ்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

செரோக்கி நிலத்தின் மீது ஜார்ஜியா மாநிலத்துக்குக் கண். 1829-இல் அங்கே தங்கம் வேறு கிடைத்தது. அந்த மண்ணில் வசிக்கும் வெள்ளையர் ஜார்ஜியாவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்து அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. வூஸ்டரும், எலைசர் பட்லர் என்ற இன்னொரு மிஷனரியும் மறுத்தார்கள். 1831-இல் நான்கு ஆண்டுக் கடுங்காவல் விதித்து மில்லெட்ஜ்வில் சிறையில் அடைத்தார்கள். 1832 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது. ஜார்ஜியா அசையவில்லை. 1833 ஜனவரியில்தான் இருவரும் வெளியே வந்தார்கள். வூஸ்டர் பிறகு மேற்கே போய்ச் செரோக்கிகளிடையே இறுதிவரை வாழ்ந்தார்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை): அம்மா, நீங்கள் ஜாக்சன் காலத்தவர்களை அநியாயமாகக் குறை சொல்கிறீர்கள். அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றைய அளவுகோலை 1830-இல் கொண்டுபோய் வைப்பது முறையா?

பதில்: ஐயா, இன்றைய அளவுகோல் வேண்டாம். 1830-இன் அளவுகோலையே எடுப்போம். பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் அந்த மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்று நிறைவேறியது. ஐந்தே வாக்கு. எல்லோரும் அப்படி நினைத்திருந்தால் அந்த 97 பேர் யார்? செனட்டில் நியூ ஜெர்சியின் ஃப்ரீலிங்ஹைசன் மூன்று நாட்களில் ஆறு மணி நேரம் அதை எதிர்த்துப் பேசினார். வாக்கில்லாத பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார்கள். "எல்லோரும்" என்று நீங்கள் சொல்லும்போது வென்றவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். தோற்றவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தாம். செரோக்கிகளும் அந்தக் காலத்து மனிதர்கள்தாம்.

கேள்வி (மறுபடியும் கோவை): 102 என்பது பெரும்பான்மை. மக்களாட்சியில் பெரும்பான்மை முடிவுதானே முடிவு? தோற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: யாருடைய பெரும்பான்மை? மதுரை மாணவருக்கு எழுதிய பதிலை மறுபடி பாருங்கள். ஐந்து வாக்கில் நிறைவேறிய சட்டம் இது. அடிமைகளை எண்ணியதால் தெற்கு மாநிலங்கள் பெற்றிருந்த கூடுதல் இடங்கள் ஐந்தைவிட அதிகம். வாக்கில்லாத ஒரு மக்களின் எண்ணிக்கையைக் கொண்டு, வாக்கில்லாத இன்னொரு மக்களின் நிலத்தைப் பறித்தார்கள். தோற்றவர்கள் ஏற்க வேண்டும் என்கிறீர்கள். போட்டியிலேயே சேர்த்துக்கொள்ளாதவரைத் தோற்றவர் என்று எப்படிச் சொல்வது?

பெரும்பான்மையின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். 1831-இல் சிறைச்சாலைகளைப் பார்வையிட வந்த பிரெஞ்சுக்காரர் டோக்வில், பென்சில்வேனியாவில் ஒருவரிடம் கேட்டார்: இங்கே சுதந்திரக் கறுப்பினத்தவருக்குச் சட்டப்படி வாக்குண்டு, ஆனால் ஒருவரையும் வாக்குச்சாவடியில் காணோமே? அவர்கள் தாமாகவே வருவதில்லை என்று பதில் வந்தது. மேலும் துருவியபோது, வந்தால் அடிபடுவோம் என்று பயப்படுகிறார்கள், பெரும்பான்மைக்குப் பிடிக்காத இடத்தில் சட்டத்துக்குச் சில நேரம் வலு இருப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். 1838-இல் அந்த மாநிலம் தன் சட்டத்திலேயே "வெள்ளை" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. பிலடெல்பியாவில் கறுப்பினத் தலைவர் ராபர்ட் பர்விஸ் நாற்பதாயிரம் குடிமக்களின் பெயரால் ஒரு முறையீடு எழுதினார். மக்கள் வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் புதிய சட்டம் வென்றது.

கேள்வி (கல்லூரி மாணவர், திண்டுக்கல்): கோவை ஐயாவுக்கு ஆதரவாக ஒன்று. செரோக்கிகளும் கறுப்பினத்தவரை அடிமைகளாக வைத்திருந்தார்கள் அல்லவா?

பதில்: வைத்திருந்தார்கள். 1827-இல் அவர்கள் எழுதிய அரசியலமைப்பு, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் பெண்களுக்கும் வாக்கு மறுத்தது. பெண்கள் சபையில் எழுந்து பேசும் பழைய வழக்கம் இருந்த சமூகம் அது. பார்த்து எழுதிய அரசியலமைப்பில் கூடவே அந்தக் குறையும் வந்து சேர்ந்தது. மேற்கே துரத்தப்பட்டபோது அவர்களுடைய அடிமைகளும் அதே பாதையில் நடந்தார்கள். இதை மறைத்துச் செரோக்கிகள் கதையைச் சொல்வது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் இதைக் காட்டி அவர்கள் நிலத்தைப் பறித்தது சரி என்று வாதாட முடியாது. பறித்தவர்களே அடிமை முறையைப் பரப்பத்தான் அந்த நிலத்தைக் கேட்டார்கள். பருத்திக்காக.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): கோவை ஐயா ஒரு முறையாவது அந்தப் பயணத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் பேசட்டும். அதைச் சொல்லுங்கள் அம்மா.

பதில்: 1835 டிசம்பரில் ஒரு சிறு கூட்டம் செரோக்கிகளின் பெயரால் நிலத்தை எழுதிக்கொடுத்துக் கையெழுத்திட்டது. தலைவர் ஜான் ராஸ் அதில் இல்லை. எங்கள் பெயரால் இதைச் செய்ய இவர்கள் யார் என்று 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பெயர் வைத்த மனு வாஷிங்டன் போனது. மொத்தச் சமூகமே ஏறக்குறைய 16,000 பேர்தான். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஒரே ஒரு வாக்குக் கூடுதலாகக் கிடைத்து ஒப்பந்தம் நிறைவேறியது. 1838-இல் படை வந்தது. வீடுகளிலிருந்து கிளப்பி அடைப்புகளில் வைத்து, பிறகு மேற்கே நடத்தினார்கள். ஏறக்குறைய நான்காயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

அதற்கு முன் அனுப்பப்பட்டவர்கள் சோக்டா மக்கள். 1831 டிசம்பரில் மெம்ஃபிஸ் கரையில் அவர்கள் ஆற்றைக் கடப்பதை டோக்வில் நின்று பார்த்தார். கடுங்குளிர், ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்தன. கைக்குழந்தைகளும், நடக்க முடியாத கிழவர்களும் இருந்தார்கள். ஒருவரும் அழவில்லை, முறையிடவில்லை. எல்லோரும் படகில் ஏறிய பிறகு, கரையில் விடப்பட்ட நாய்கள் ஊளையிட்டு, அந்த உறைந்த தண்ணீரில் பாய்ந்து படகின் பின்னால் நீந்தின.

கேள்வி (மூன்றாம் முறை கோவை): படித்தேன். இனி அந்த வாதத்தை வைக்கமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள். அந்த மக்களாட்சியில் நல்லதே இல்லையா?

பதில்: இருந்தது ஐயா, நிறையவே இருந்தது. உங்கள் கேள்விக்கு நன்றி.

1828-இல் பிலடெல்பியாவில் தச்சர்களும் கொல்லர்களும் சேர்ந்து உழைப்பாளர் கட்சி ஒன்று தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கமே பள்ளி நடத்தட்டும் என்று கேட்டார்கள். 1834-இல் பென்சில்வேனியாவில் இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அதே நகரத்தில் நிலக்கரி சுமப்பவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் எல்லாத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, நடுவே சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் பத்து மணி நேர வேலை. வென்றார்கள். 1831-இல் நியூயார்க் கடனாளியைச் சிறையில் தள்ளும் வழக்கத்தை ஒழித்தது. சில டாலர் கடனுக்காகச் சிறையில் கிடந்தவனின் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள். வாக்கு கையில் இருந்தவனின் குறை சபைக்குக் கேட்டது.

இன்னொரு விசித்திரமான இடம் ரோட் ஐலண்டு. 1663-இல் ஆங்கிலேய அரசர் கொடுத்த பட்டயத்தையே 1843 வரை அரசியலமைப்பாக வைத்திருந்தார்கள். 134 டாலர் மதிப்புள்ள நிலம் இருந்தால்தான் வாக்கு. ஆலைத் தொழிலாளர்கள் வெளியே. தாமஸ் டோர் என்ற வழக்கறிஞர் தலைமையில் மக்களே தனியாக ஓர் அரசியலமைப்பு எழுதி, தனியாக அரசு அமைத்து, 1842-இல் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கவும் போனார்கள். தோற்றார்கள். ஆனால் அவர்கள் எழுதிய சட்டத்திலும் வாக்கு வெள்ளையருக்கு மட்டும்தான். கறுப்பினத்தவர் கேட்டுப் பார்த்தார்கள், மறுத்துவிட்டார்கள். ஆகவே பிராவிடன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் பழைய அரசின் பக்கம் நின்றார்கள். 1822-இல் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட வாக்கு, 1843-இல் வந்த புதிய சட்டத்தில் திரும்பக் கிடைத்தது. மக்களுக்காக எழுந்த கட்சி கைவிட்டது, நிலக்கிழார்களின் கட்சி கொடுத்தது.

கேள்வி (வாசகி, ஈரோடு): செனெகா ஃபால்ஸ் பெண்கள் மாநாடு பற்றி?

பதில்: 1848 ஜூலை 19, 20. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி எழுதுகிறேன்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கடலூர்): வாக்குரிமை படிப்படியாக விரிந்த வரிசையை ஆண்டு வாரியாகத் தர முடியுமா?

பதில்: "படிப்படியாக" என்ற சொல்லை விடச் சொல்லித்தான் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். 1807 நியூ ஜெர்சி, 1821 நியூயார்க், 1835 வட கரோலினா, 1838 பென்சில்வேனியா: இவை நான்கும் வாக்குப் பறிபோன ஆண்டுகள். இவற்றை எழுதாத பட்டியல் எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தக் கேள்வி பதினொரு முறை வந்திருக்கிறது. இனி இதற்குப் பதில் இல்லை.

கேள்வி (நூலகர், திருச்சி): பெண்கள் அனுப்பிய மனுக்கள் என்று சொன்னீர்களே, அவை இப்போது இருக்கின்றனவா?

பதில்: இருக்கின்றன. வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில், பிரதிநிதிகள் சபையின் தாள்களோடு. பின்னாளில், 1836 முதல் 1844 வரை, அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் படிக்கவே கூடாது என்று அதே சபை வாய்ப்பூட்டு விதி போட்டது. முன்னாள் அதிபர் ஆடம்ஸ் சாதாரண உறுப்பினராக உட்கார்ந்து எட்டு ஆண்டு அதை எதிர்த்தார். ஆனால் 1830-இன் மனுக்கள் அதற்கு முந்தியவை.

ஒஹாயோ மாநிலம் ஸ்டூபன்வில் என்ற ஊரின் பெண்கள் 1830 பிப்ரவரியில் அனுப்பியது ஒன்று. நாட்டின் அரசியலில் பெண்கள் தலையிடுவது அவர்கள் இயல்புக்குப் பொருந்தாது என்று அவர்களே முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒரு மக்களையே அழிக்கும் காரியம் நடக்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை என்கிறார்கள். கீழே கையெழுத்துகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்று மாதம் கழித்து மே 28 அன்று ஜாக்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார்.